கோமாளியின் ஆறாவது வேஷம்

எங்கள் வீட்டுக்கு வரும் காகிதங்களை எல்லாம் நான்தான் வாசிப்பேன். மூன்றாம் வகுப்பிலிருந்தே அது என் வேலை. கரண்டு பில், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். அப்பாவின் பெயரில் போகவேண்டிய மனுக்களையும் நானே எழுதுவேன். அவர் கைநாட்டு வைப்பது எனக்குப் பிடிக்காமல், ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவர் பெயரை எழுதப் பழக்கினேன். கையெழுத்து எங்கே வரவேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அவர் கரி ஒட்டிய விரலை லுங்கியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கி, அந்தக் குறியின் மேலேயே எழுதுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இதைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வேன். என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லிச் சிரிப்பேன்.

அப்பாவுக்குத் துணி தேய்ப்பு வேலை. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வாடகை வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு வாகை மரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட கனமான இஸ்திரிப் பெட்டி. அவர் இடது கைக்காரர். அத்தனை வருடம் அந்தப் பெட்டியைத் தூக்கி இறக்கியதில் இடது தோள் கீழே இறங்கிவிட்டது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் குடை பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி நடப்பார்.

அந்த நடையைக் கேரளம் முழுக்கப் பார்த்திருக்கிறது. அதற்குக் காரணம் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு கோமாளி.

உண்மையிலேயே கோமாளிதான். சின்ன வயதில் சர்க்கஸில் இருந்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர். நான் பள்ளியில் படித்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி என்றால் ஊரே அவருக்காகத்தான் உட்கார்ந்திருக்கும். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், மூக்கில் சிவப்புப் பந்து, அந்தக் கோலத்தில் ஒரு கண்ணாடி முன்னால் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துத் திரும்பினால் வேறு ஆள். ஆறு பேர் அவருக்குள் இருந்தார்கள். பென்ஷன் வாங்கிய பிறகும் பாடம் நடத்துவதை நிறுத்தாத ஹிந்தி டீச்சர். தானே எங்கே இறங்கவேண்டும் என்று மறந்துபோகும் பஸ் கண்டக்டர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாற்றி மாற்றிச் சொல்லும் கல்யாணத் தரகர். குடையைத் தேடிக்கொண்டே இருக்கும் வில்லேஜ் ஆபீசர். உலகத்தில் உள்ள எல்லா நோயும் தனக்கே என்று நம்பும் ஓர் அம்மா. ஆறாவது, தேய்ப்புக்கார அண்ணாச்சி.

அண்ணாச்சி தலையில் துண்டு கட்டியிருப்பார். லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார். இடது தோளைத் தாழ்த்திச் சாய்ந்து நடப்பார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். யாராவது ஒரு பெரிய மனிதர், போலீஸ்காரரோ ஃபிளாட் சங்கச் செயலாளரோ, வண்டியை எடு என்று அதட்ட வருவார். அண்ணாச்சி பதிலுக்குச் சத்தம் போடமாட்டார். துணிமேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். கடைசியில் வந்தவரே வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்திவிட்டுப் போவார். ஸ்டூடியோவில் சிரிப்பு வெடிக்கும்.

அம்மாவும் சிரிப்பாள். "அப்படியே உங்கப்பாதான். நடைய மட்டுமா, மூக்கச் சொறியதக்கூட விடல பாரு" என்பாள். அப்பா சிரிக்கமாட்டார். தலையைக் குனிந்து, டிவியைப் பார்க்காமல், காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருப்பார். அவருடைய உதடுகள் லேசாக அசையும். அவமானத்தை மென்று விழுங்குகிறார் என்று நான் முடிவு கட்டினேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த முடிவை அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் என் முறை வரும். நாலாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, மலையாளப் பள்ளிக்கு அப்போதுதான் மாறியிருந்தேன். பையன்கள் பையை இடது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு என் முன்னால் சாய்ந்து நடப்பார்கள். "அண்ணாச்சியுடெ மோளே, என்டெ ஷர்ட்டு எவிடே?" என்று ஒருத்தி தினமும் தன் சட்டையைக் கேட்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். மலையாளப் பாடத்தில் அவளைவிட நான்கு மதிப்பெண் கூட வாங்குவேன். வீட்டுக்குத் திரும்பும்போது வாகை மரம் இருக்கும் தெருவை விட்டுவிட்டு, ஆற்றுப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். அப்பா வண்டியில் நிற்பதை நான் பார்க்காமலும், அவர் என்னைப் பார்த்து யாருக்கும் தெரியும்படி கூப்பிடாமலும் இருக்கட்டும் என்று. ஐந்து வருடம் அப்படிச் சுற்றினேன்.

அந்தக் கோமாளி ஒவ்வொரு வியாழக்கிழமையும் துணிமூட்டையோடு அப்பாவின் வண்டிக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். நெடுநேரம் நிற்பார் என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் திருடிக்கொண்டு போக வருகிறார் என்றுதான் நினைத்தேன். நிகழ்ச்சி நின்று, அவர் வயதாகி வீட்டில் இருந்த பிறகும் வியாழக்கிழமை வருவது நிற்கவில்லை. அது ஏன் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இப்போது நான் ஊரின் மறுகோடியில் உள்ள கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. நன்றாகவே செய்கிறேன். அலுவலகத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் துணித் தொழில் என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓணம் நெருங்கும்போது ஒரு விளம்பரம் வந்தது. பழைய கோமாளி மறுபடியும் வருகிறார், மேடையில், ஆறு வேஷத்தோடும். விளம்பரத்தில் காட்டியது அந்தச் சாய்ந்த நடையை. மறுநாள் அலுவலகத்தில் டீ குடிக்கும் இடத்தில் எங்கள் டீம் லீடர் தோளைச் சாய்த்து நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது. என்னைக் கிண்டல் செய்யவில்லை. ஆனாலும் கையில் இருந்த கப்பை வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். மலையாளத்தில், அந்தச் சேனலின் நிர்வாகத்துக்கு. அலுவலக நேரம் முடிந்து, ஆள் இல்லாத கூட்ட அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். என் பெயரில் எழுதினால் யாரோ ஒரு பெண்ணின் புகாராகப் போய்விடும் என்று தோன்றியது. எப்போதும்போல அப்பாவின் பெயரிலேயே எழுதினேன். நான் படிப்பில்லாத ஏழைத் தொழிலாளி, என் உடல் குறையையும் என் தாய்மொழியையும் வருடக்கணக்காகக் கேலிப்பொருளாக்கினார்கள், அதனால் என் மகள் பள்ளியில் தலைகுனிந்து நடந்தாள், வாய் திறக்க வழியில்லாமல் நான் பொறுத்துக்கொண்டேன், இந்த வேஷத்தை இனியாவது கைவிடவேண்டும். இதுதான் சாரம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் நிறைந்தது.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நீட்டினேன். பெருக்கல் குறி போட்டிருந்தேன். மழையில் கரி நனைந்துவிட்டதே என்ற கவலையில் இருந்தார். வாசல்படியிலேயே குந்தி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கேஸ் கனெக்சன் காரியமா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அப்படி ஒன்றையும் கேட்டவரில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

கடிதத்தோடு கொடுத்திருந்த என் மின்னஞ்சலுக்குச் சேனலிலிருந்து மரியாதையான பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அந்தப் பாத்திரத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டதாகவும், கலைஞருக்கும் கடிதத்தின் நகலை அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அன்று மாலை பஸ்ஸில் கழக்கூட்டத்திலிருந்து கரமனைவரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை. இருபது வருடக் கணக்கைத் தனியாளாகத் தீர்த்துவிட்டேன் என்று இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை கோமாளி வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று அப்பா அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது வாரம் கோமாளி வீட்டுத் துணிகளை மெயின் ரோட்டு லாண்டரிப் பையன் ஸ்கூட்டரில் கொண்டுபோவதை அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன்னுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரார் துணியையெல்லாம் தேய்க்கிறவர் தன் சட்டையைத் தேய்த்து நான் பார்த்ததில்லை. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி" என்றார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கோமாளியின் வீட்டுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வந்தபோது நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் மடித்த காகிதம் இருந்தது. என்னிடம் கொடுத்து, உட்கார்ந்து, வாசி என்றார்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. நகல்தான், ஆனாலும் கீழே அவர் கையெழுத்து அவரைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது.

"எல்லாத்தையும் வாசி. எதையும் விடாத."

வாசித்தேன். அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், எழுதத்தான் தெரியாது. உடல் குறை என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார். வாய் திறக்க வழியில்லாமல் என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இவ்வளவு பாவப்பட்டவனாட்டி நான்?"

நான் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். பையன்கள் நடந்து காட்டியதை, அந்தப் பெண் கேட்ட கேள்வியை, ஐந்து வருடம் ஆற்றைச் சுற்றி நடந்ததை. முதல் தடவையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஆற்றைச் சுற்றிப் போனது தனக்குத் தெரியும் என்றார். செருப்பு ஒரு பக்கமாகச் சேறாகி வரும், அதைப் பார்ப்பேன் என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமைகளில் என்ன நடந்தது என்று சொன்னார். கோமாளி அந்த வாரத்து வசனத்தை எழுதிக் கொண்டுவந்து, வண்டிப் பக்கத்தில் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து வாசிப்பாராம். அப்பா தேய்த்துக்கொண்டே கேட்பாராம். முதல் தடவை எழுதிக் கொண்டுவந்ததில் போலீஸ்காரர் அதட்டியதும் அண்ணாச்சி காலில் விழுந்து கும்பிடுவதாக இருந்திருக்கிறது. நாங்க கால்ல விழ மாட்டோம் சாரே என்றாராம் அப்பா. பின்னே என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அன்று அப்பா சொன்னது கேரளத்துக்கே தெரிந்த வசனம். நானும் டிவியில் கேட்டு, வெறுத்து, மனப்பாடமாக வைத்திருந்த வசனம். இங்கே நிற்பதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்பார். "நிக்கதுக்கு இல்ல சாரே. ஒரு ஸ்டூல் குடுங்க, உக்காந்துக்கிடுதேன்" என்பார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு அண்ணாச்சியின் வாயிலிருந்து வந்ததெல்லாம் அப்பா சொல்லி, அவர் எழுதிக்கொண்டது. அப்பா சிரித்தால் அந்த வரி இருக்கும். சிரிக்காவிட்டால் கோமாளி அங்கேயே அதைக் கோடு போட்டு அடித்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது, தான் சொன்னபடியே சொல்கிறாரா என்று கேட்கத்தான். உதடு அசைந்தது, கூடவே சொல்லிப் பார்த்ததில். ஓணம் மேடையில் ஆறாவது வேஷம் முடிந்ததும் அப்பாவை மேலே அழைத்து, இந்த ஆள் பேசியதைத்தான் நான் இத்தனை வருடம் பேசினேன் என்று சொல்வதாக இருந்ததாம். என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், அதுவரை சொல்லவேண்டாம் என்று அப்பா வைத்திருந்திருக்கிறார்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ அந்தப் பக்கமே வரலியே, மக்ளே" என்றார்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாதான் தூண்டித் தூண்டிக் கேட்டாள். கோமாளி கடிதத்தை மேசைமேல் வைத்து, இது அண்ணாச்சியின் கையெழுத்துதானா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அப்பா குனிந்து பார்த்திருக்கிறார். தன் கையெழுத்து. என் பென்சில் குறியும் கீழே மங்கலாகத் தெரிந்ததாம். என்ன நடந்தது என்று அப்பாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன் அப்படிச் சொன்னிய? உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்லா?"

"தெரியாதுன்னா, பிள்ள ஏமாத்தி வாங்கினதுன்னுல்லா ஆவும். கம்பெனியில வேல பாக்கிற பிள்ள."

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்று முழுவதும் எனக்கு ஒரே எண்ணம்தான். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அப்பாவிடம் சொன்னேன். நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன், நான்தான் எழுதினேன் என்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. சங்கடத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் போனேன்.

கோமாளி வீட்டு வராந்தாவில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். சாயம் இல்லாத முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றுதான். சாதாரண முகம். பெயரைச் சொல்லாமல் அண்ணாச்சியின் மகள் என்றேன். பள்ளி நாட்களில் எந்தச் சொல்லுக்குப் பயந்து சுற்றுவழியில் போனேனோ அதையே சொல்லி அறிமுகமானேன். எழுந்து நின்று, உட்காரச் சொன்னார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்குக் கடிதத்தில் இருந்தது எதுவும் தெரியாது, கேஸ் கனெக்ஷன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்பதுவரை.

அவர், பள்ளியில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மோளே, நீ எழுதினதில் தப்பு ஒண்ணுமில்ல" என்றார். "அதெல்லாம் நான் அறிஞ்சதே இல்ல. ஸ்டூடியோவில் சிரிச்சது மட்டும்தான் எனக்குக் கேட்டது. இனி அந்த வேஷம் நான் கட்ட மாட்டேன்."

அதுவல்ல நான் கேட்க வந்தது. பழையபடி வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து, இன்னொரு தடவை மடித்தார்.

"அண்ணாச்சி என்டெ முகத்தப் பாத்து, நான்தான் போட்டேன்னு சொன்னாரு. நான் விஸ்வசிச்சு. சங்கடம் இருந்தது, ஆனாலும் விஸ்வசிச்சு. இப்போ நான் அங்கே வந்து நின்னா, அவர் பறஞ்ஞது பொய்னு எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். பின்னே நாங்க ரெண்டு பேரும் என்ன பேசறது?"

டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மறைக்க நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் வாகை மரத்தடிக்கு நேராகப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஒரு பள்ளிச் சீருடையின் மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பெட்டி போய்வந்துகொண்டிருந்தது. முடித்ததும் அதைத் தட்டின்மேல் வைத்தார்.

"நான் சொன்னத இல்லேன்னு ஆக்கிட்டு வந்துட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கும் சேத்து நீயேதான் பேசணுமா? மொதல்ல எழுதின. இப்போ நேர்லயே போய்ப் பேசிட்ட. நான் ஒரு வார்த்த சொன்னேன், வாழ்க்கையில ஒண்ணு. அத வச்சிருந்திருக்கலாம்லா?"

ஒரு வாடிக்கையாளர் வந்தார். அப்பா அவரிடம் சிரித்துப் பேசி, எண்ணிக் கொடுத்து அனுப்பினார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

ஓணத்துக்கு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஐந்து பேர் வந்தார்கள், ஐந்து பேரும் நன்றாகவே இருந்தார்கள். ஹிந்தி டீச்சருக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கடிதத்தில் நான் எழுதிய பள்ளிக்கூடம் உண்மை. அதில் ஒரு வரியைக்கூட நான் இன்றும் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் அது என் கடிதம். என் பெயரைப் போட்டு, என் வலி என்று எழுதியிருந்தால், அப்பாவும் அந்த மனிதரும் ஒரு வியாழக்கிழமை அதை நடுவில் வைத்துப் பேசியிருப்பார்கள். பேசிப் பழகியவர்கள்தானே. என்ன செய்யலாம் என்று அவர்கள் இருவருமே முடிவு செய்திருப்பார்கள்.

கோமாளியின் வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது, வண்டியிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். அப்பா போகவில்லை. அவரும் வரவில்லை. ஒருமுறை போய்த்தான் பாருங்களேன் என்று சொல்ல வாய்வரை வரும். சொல்வதில்லை. போவதும் போகாததும் அவர் பாடு.